முதல் மூன்று பொதுத் தேர்தல்களின் வாக்குப்பதிவு விழுக்காடு: ஓர் ஆய்வு

தேர்தல் புள்ளிவிவரங்கள் அரசியல் வரலாற்றை ஆராய்வார்க்குக் கல்வெட்டுகளை ஒத்த சான்றுகளாம். கல்வெட்டில் வரும் நிலவளவும் நெல்லளவும் எல்லா ஊர்களிலும் எல்லாக் காலத்தும் ஒரு தன்மையன அல்ல என்பதை அறிந்தே அறிஞர் அவற்றிற்குப் பொருள் காண்பர். தேர்தல் எண்களைக் கையாளுமிடத்து இவ்வெச்சரிக்கை பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. இந்தியக் குடியரசின் முதல் மூன்று பொதுத் தேர்தல்களுக்குத் தரப்படும் வாக்குப்பதிவு விழுக்காடுகள் எதனை அளந்தன என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. இரு வேறு விழுக்காடுகள்

முதற் பொதுத் தேர்தல் 1951 அக்டோபர் 25இல் இமாசலப் பிரதேசத்துச் சினி வட்டத்தில் தொடங்கி, 1952 பிப்ரவரியில் முடிவுற்றது. அதனை நடத்தியவர் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். பட்டியலில் இடம்பெற்ற வாக்காளர் 17 கோடியே 32 இலட்சம். மக்களவைக்குப் பதிவான செல்லத்தக்க வாக்குகள் 10 கோடியே 59 இலட்சம். பின்னதை முன்னதால் வகுப்பின் நூற்றுக்கு 61.17 என வரும். ஆயினும் தேர்தல் ஆணையத்தின் அட்டவணை 44.87 என்றே கூறுகின்றது. இதனால் ஒரே தேர்தலில் நூற்றுவருள் அறுபதின்மர் வாக்களித்தனர் என்று சிலரும், நாற்பத்தைவர் என்று வேறு சிலரும் எழுதுகின்றனர். முன்னவர் மக்களின் ஆர்வத்திற்கும், பின்னவர் மக்களின் அக்கறையின்மைக்கும் இவ்வெண்களையே சான்றாக்குவர்.

இவ்வேறுபாட்டின் காரணம் தொகுதி அமைப்பில் உள்ளது. அன்று 489 இடங்களுக்கு 401 தொகுதிகளே இருந்தன. அவற்றுள் 314 ஓர் உறுப்பினர் தொகுதிகள். 86 இரட்டை உறுப்பினர் தொகுதிகள். ஒன்று மூன்று உறுப்பினர் தொகுதி. இரட்டை உறுப்பினர் தொகுதியில் ஒவ்வொருவர்க்கும் இரண்டு வாக்குகள் உண்டு; இரண்டையும் ஒரே வேட்பாளர்க்கு அளித்தல் கூடாது. எனவே பதிவான வாக்குகளின் தொகை, வந்து வாக்களித்த மாந்தரின் தொகை அன்று.

ஓர் இடத்திற்குரிய வாக்காளர் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவினர் எனக் கொண்டு கணக்கிடுவோம். 17.32 கோடியை 489ஆல் வகுப்பின் ஓர் இடத்திற்கு 3.54 இலட்சம் ஆகும். பல உறுப்பினர் தொகுதிகளில் மிகுதியாக அளிக்கத்தக்க வாக்குகள் சற்றொப்ப 6.30 கோடி. அவற்றையும் கூட்டினால் அளிக்கத்தக்க வாக்குகள் 23.62 கோடி. இத்தொகையில் 10.59 கோடி நூற்றுக்கு 45க்குச் சற்றே குறைவு. ஆணையத்தின் 44.87 என்னும் எண் அளிக்கத்தக்க வாக்குகளுள் அளிக்கப்பட்டவற்றின் பங்கையே குறிக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். தமக்குரிய இரண்டனுள் ஒன்றை மட்டும் அளித்துச் சென்றவர் இம்முறையில் அரை வாக்காளராகவே எண்ணப்படுவர். ஆகவே, உண்மையில் வந்து வாக்களித்தோரின் விழுக்காடு இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்டது எனக் கோடல் தகும்.

2. மூன்றாம் தேர்தல் தரும் சான்று

இம்முடிபை 1962ஆம் ஆண்டுத் தேர்தல் வலியுறுத்துகின்றது. 1957இல் வாக்காளர் 19 கோடியே 36 இலட்சம். செல்லத்தக்க வாக்குகள் 12 கோடியே 5 இலட்சம். 1962இல் வாக்காளர் 21 கோடியே 63 இலட்சமாகப் பெருகியும் செல்லத்தக்க வாக்குகள் 11 கோடியே 51 இலட்சமாகக் குறைந்தன. வாக்காளர் பெருக வாக்குகள் அருகியது ஏன்? 1957இல் இருந்த 91 இரட்டை உறுப்பினர் தொகுதிகள் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டமையே காரணம்.

மறுதலையாக, அட்டவணை விழுக்காடு 45.44இலிருந்து 55.42 ஆகத் திடீரென உயர்கின்றது. இவ்வுயர்வு முழுவதையும் மக்கள் விழிப்புணர்ச்சியின் வளர்ச்சியாகக் கோடல் பொருந்தாது. 55.42 என்பது செல்லாத வாக்குகளையும் சேர்த்த கணக்கு. செல்லத்தக்கன மட்டும் கொண்டால் 53.23 ஆகும். இரண்டாம் வாக்கை அளியாது விட்டவர் காட்டிய குறையும் அவ்வாண்டு நீங்கிற்று. ஆதலின் உயர்வின் ஒரு பகுதி அளவுகோல் மாறியதன் விளைவே. 1952ஆம் ஆண்டின் எண்ணை 2019ஆம் ஆண்டின் 67 விழுக்காட்டோடு ஒரே வரிசையில் வைத்து வளர்ச்சி பேசுவோரும் இதனைக் கருதுதல் வேண்டும்.

3. மாநில ஒப்பீடு

அளவுகோலின் இவ்வேறுபாடு மாநிலந்தோறும் ஒரு தன்மையாக அமையவில்லை. முதல் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தின் 86 இடங்கள் 69 தொகுதிகளில் அடங்கின. சென்னை மாநிலத்தின் 75 இடங்கள் 62 தொகுதிகளில். திருவிதாங்கூர்-கொச்சியின் 12 இடங்கள் 11 தொகுதிகளில். மேற்கூறிய முறையில் கணக்கிடின், வாக்காளர் ஒருவர்க்கு உரிய வாக்குகள் சராசரியாக முறையே 1.40, 1.35, 1.17 ஆகும். வாக்குகளை வாக்காளர் தொகையால் வகுக்கும் முறை உத்தரப் பிரதேசத்தை மிகவும், திருவிதாங்கூர்-கொச்சியைச் சிறிதும் உயர்த்திக் காட்டும்.

அத்தேர்தலில் மிகவுயர்ந்த பதிவு கோட்டயம் தொகுதியில், நூற்றுக்கு 80.5, மிகத் தாழ்ந்தது விந்தியப் பிரதேசத்து ஷாடோலில், நூற்றுக்கு 18. முன்னது ஓர் உறுப்பினர் தொகுதி. பின்னது ஷாடோல்-சீதி என்னும் இரட்டை உறுப்பினர் தொகுதி. இடைவெளி மெய்யே. திருவிதாங்கூர் 1948இலேயே வயதுவந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்துத் தேர்தல் கண்டது. எழுத்தறிவிலும் முந்தி நின்றது. விந்தியப் பிரதேசமோ அவ்வாண்டிலேதான் பல சிற்றரசுகளை இணைத்து உருவாக்கப்பட்டது. எனினும் இடைவெளியின் அளவை அவ்விரு எண்களைக் கொண்டே அறுதியிடுதல் இயலாது.

வாக்காளர் பட்டியலும் எங்கும் ஒருபடித்தாக இல்லை. தம் பெயரைக் கூறாது இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிந்த பெண்டிர் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் பட்டியலினின்று நீக்கப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், மத்திய பாரதம், இராசத்தான், விந்தியப் பிரதேசம் ஆகியவற்றினர். வாக்குச்சாவடிக்கு வரவியலாத இவர்கள் வகுக்கும் எண்ணிலேயே இல்லாமையால், அம்மாநிலங்களின் விழுக்காடு உள்ளதனினும் உயர்ந்தே தோன்றும்.

எல்லை மாற்றமும் கருதத்தக்கது. 1952இல் சென்னை மாநிலம் ஆந்திரப் பகுதியையும் மலபாரையும் உள்ளடக்கியிருந்தது. நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியின் கணக்கில் அடங்கியது. 1956 நவம்பரில் குமரி மாவட்டம் இணைந்தபின் சென்னையின் கணக்கிற்கு வந்தது. 1957இல் சென்னையின் இடங்கள் 41. ஆகவே அவ்விரு தேர்தல்களின் 'சென்னை' பெயரால் ஒன்றேயன்றிப் பொருளால் ஒன்றன்று.

4. வாக்குகளும் இடங்களும்

முடிவுகளை ஆராயுமிடத்தும் அனைத்திந்தியத் தொகை மயக்கந் தரும். 1952இல் சோசலிசக் கட்சி 10.59 விழுக்காடு பெற்று 12 இடங்களையே வென்றது. பொதுவுடைமைக் கட்சி 3.29 விழுக்காட்டில் 16 இடங்களைப் பெற்றது. முன்னது 254 இடங்களில் போட்டியிட்டு வாக்குகளைச் சிதறவிட்டது. பின்னது 49 இடங்களில் மட்டுமே நின்றது. அப்பதினாறனுள் எட்டு சென்னை மாநிலத்தன. மாநில வாரியாகப் பிரித்துக் காணாதவர்க்கு இவ்வுண்மை புலனாகாது.

5. முடிபு

இதுகாறும் கூறியவற்றான், 1952, 1957ஆம் ஆண்டுகளின் விழுக்காடுகள் வாக்குகளை அளந்தனவேயன்றி மாந்தரை அளந்தன அல்ல என்பது விளங்கும். முதன்முதல் வாக்குரிமை பெற்ற மக்களை அக்கறையற்றோர் எனப் பழித்தற்கு 44.87 சான்றாகாது, பேரார்வத்தர் எனப் போற்றுதற்கு 61.17உம் சான்றாகாது. தொகுதிதோறும் ஓருறுப்பினர், இரட்டை உறுப்பினர் எனப் பகுத்து, பட்டியலின் நிறைகுறையும் எல்லையும் கண்ட பின்னரே மாநிலங்களை ஒப்பிடுதல் முறையாகும். ஓர் உறுப்பினர் தொகுதிகளை மட்டும் தனியே எடுத்து மூன்று தேர்தல்களிலும் தொடர்ந்து ஆராய்வது, மேல் ஆய்வு செய்வார் முதற்கண் மேற்கொள்ளத்தக்க பணி எனக் கருதுகின்றோம்.