சிந்தாதிரிப்பேட்டை வில்லன்

எம். ஆர். ராதா என்று உலகம் அறிந்த மெட்ராஸ் ராஜகோபால் ராதாகிருஷ்ணன், 1907 ஏப்ரல் 14 அன்று சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தார். தந்தை பட்டாளத்துக்காரர், முதல் உலகப் போரில் உயிர்விட்டார். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை. சாப்பாட்டில் தனக்கு வைத்த மீன் துண்டு குறைந்துபோனது என்று தாயிடம் கோபித்துக்கொண்டு சிறு வயதிலேயே வீட்டை விட்டு ஓடியதாகப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். எழும்பூர் ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பையனை ஆலந்தூர் டப்பி ரங்கநாதன் என்ற நாடகக்காரர் தம்முடன் அழைத்துப்போனார். அன்று தொடங்கிய நாடக வாழ்க்கை ஐம்பது ஆண்டுகளைத் தாண்டியது.

சிறுவர்களை நடிக்கவைத்த அந்தக் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளைப் பற்றி இத்தொடரின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ராதாவுக்கும் அதே பயிற்சி, அதே அடி, அதே ஊர் ஊரான பயணம்தான். ஜெகந்நாதய்யர் கம்பெனியில் அவர் கற்றவற்றுள் முதன்மையானது குரல். ஒரே வாக்கியத்தைக் கீச்சுக் குரலில் ஆரம்பித்து, அடிவயிற்றுக் கட்டைக் குரலில் முடிப்பார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும் என்ற கட்டாயத்தில் பழகிய வித்தை அது. பின்னாளில் சினிமாவில் அதை ‘ராதா ஸ்டைல்’ என்றார்கள்.

1937-இல் ‘ராஜசேகரன்’ மூலம் சினிமாவுக்கு வந்தார். ‘சந்தன தேவன்’, ‘பம்பாய் மெயில்’, ‘சத்தியவாணி’ என்று சில படங்கள் வந்தன. எதுவும் அவரை நிலைநிறுத்தவில்லை. நாற்பதுகளின் தொடக்கத்தில் சினிமாவை உதறிவிட்டு மேடைக்கே திரும்பினார். தோற்றுத் திரும்பினார் என்று சிலர் எழுதுவது தவறு. மேடைதான் அவருடைய ராஜ்யம். சினிமாவுக்குக் கிடைத்தது அவருடைய திறமையில் ஒரு பங்குதான்.

‘இழந்த காதல்’ நாடகத்தின் வில்லன் ஜெகதீஷ் அவருக்குப் பேர் வாங்கித் தந்த வேடம். பிறகு ‘லட்சுமிகாந்தன்’ வந்தது. 1944 நவம்பரில் சென்னையில் கொலையான மஞ்சள் பத்திரிகைக்காரரின் கதை அது. அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் சிறை சென்றார்கள். ஊர் முழுக்க வாய்க்குள் பேசிக்கொண்டிருந்த விஷயத்தை ராதா மேடையில் உரக்கப் பேசினார். ‘விமலா அல்லது விதவையின் கண்ணீர்’, ‘போர்வாள்’, மு. கருணாநிதி எழுதிய ‘தூக்குமேடை’ என்று நாடகங்கள் தொடர்ந்தன. கருணாநிதிக்குக் ‘கலைஞர்’ என்ற பட்டம் ‘தூக்குமேடை’ நாடகத்தை ஒட்டி ராதா சூட்டியதுதான். ராதாவுக்கு ‘நடிகவேள்’ பட்டம் கொடுத்தவர் திராவிடர் கழகத்தின் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரிசாமி.

இதற்குள் ராதா பெரியாரின் ஆளாகிவிட்டார். நடிகர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லாதவர் பெரியார். அவருடைய இயக்கத்தின் சென்னைப் பெரியார் திடலில் உள்ள மன்றத்துக்கு ராதாவின் பெயர் இருக்கிறது. அதைவிடப் பெரிய சான்றிதழ் எந்த நடிகருக்கும் கிடைத்ததில்லை.

அந்த இயக்கத்தின் காற்று கடல் கடந்து இலங்கையின் இந்த மலைகளிலும் வீசியது. பெரியார் 1932-இல் ஐரோப்பியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் இலங்கையில் இறங்கிப் பேசினார். 1948-இல் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களை நாடற்றவர்களாக்கிய பிறகு, ஏ. இளஞ்செழியன் முன்னின்ற இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் தோட்டங்களில் வேர்விட்டது. 1962-இல் அரசாங்கம் அதைத் தடை செய்தது. சீர்திருத்த நாடகம் என்றால் என்ன, அதைப் பார்த்து அரசாங்கம் ஏன் பயந்தது என்பதை மலைநாட்டார் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

1949-இல் மேடையேறியது ‘ரத்தக்கண்ணீர்’. எழுதியவர் திருவாரூர் கே. தங்கராசு. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம். அவனுக்குத் தாய் பட்டிக்காடு, கட்டிய மனைவி சந்திரா கர்நாடகம். காந்தா என்ற தாசியே கதியென்று கிடந்து, சொத்தை இழந்து, தொழுநோயும் பார்வையிழப்பும் வந்து, தெருவில் பிச்சையெடுக்கிறான். கடைசியில் தன் மனைவியைத் தன் நண்பன் பாலுவுக்குத் தானே மறுமணம் செய்து வைக்கிறான். கதை இவ்வளவுதான். மெலோடிராமா என்று இன்றைக்கு ஒதுக்கிவிடலாம். ஆனால் ஊர் ஊராக மக்கள் வந்து குவிந்தது கதைக்காக இல்லை.

முதல் பாதியில் கோட்டும் சூட்டும் சிகரெட்டுமாக, ஆங்கிலத்தைத் துப்பிக்கொண்டு வருவார் ராதா. இரண்டாம் பாதியில் கிழிந்த போர்வை, துணி சுற்றிய விரல்கள், இழுத்து இழுத்து நடக்கும் கால். உடம்பு இவ்வளவு உருக்குலைந்தும் வாய் மட்டும் அடங்காது. சோறு போடாத வீட்டைத் திட்டுவார், சாமியைத் திட்டுவார், சட்டத்தைத் திட்டுவார். அன்றைய செய்தித்தாளில் வந்த சேதியை எடுத்துக்கொண்டு, மோகனசுந்தரமாகவே நின்று ஊர் நியாயம் பேச ஆரம்பித்துவிடுவார். நேற்றுப் பார்த்த நாடகத்தை இன்றும் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் இன்று வேறு சேதி வந்திருக்கும். மாசி மாதத்தில் காமன் கூத்துக்காக விடிய விடியக் கண் விழிக்கும் தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். கதை எல்லோருக்கும் தெரிந்ததே. இந்த ராத்திரியில், இந்தக் களத்தில் கூத்துக்காரன் என்ன செய்யப்போகிறான் என்பதில்தான் உயிர் இருக்கிறது.

அரசாங்கத்துக்குத் தலைவலி கொடுத்ததும் இதுவே. எழுத்தில் இருக்கும் நாடகத்தைத் தணிக்கை செய்யலாம்; ராதாவின் வாயில் அன்றைக்கு வரப்போவதை யாரால் தணிக்கை செய்ய முடியும்? 1876-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த நாடகச் சட்டம் கையில் இருந்தும் போதவில்லை. 1954-இல் சென்னை மாநிலம் புதிதாக ஒரு நாடகச் சட்டமே இயற்றியது. ராதாவின் நாடகங்களை, முக்கியமாக அவருடைய ‘இராமாயணம்’ நாடகத்தை, மனத்தில் வைத்துத்தான் அந்தச் சட்டம் வந்தது என்பதை அந்த நாளில் அறியாதவர் இல்லை. நாடகத்துக்குத் தடை, கைது, வழக்கு என்று அலைந்தார். மனம் புண்படும் என்று நினைப்பவர்கள் வர வேண்டாம், அவர்கள் காசும் தனக்கு வேண்டாம் என்று விளம்பரம் செய்தார். தடை விழுந்த நாடகம் வேறு பெயரில் மறுபடி மேடையேறியது. ஒரு தனி மனிதனின் நாடகத்துக்காக ஒரு மாநிலம் சட்டம் போட்டது என்றால், அந்தக் கலைஞனின் பலத்தை வேறு எதைக் கொண்டு அளப்பது? தமிழ்நாட்டுக் கலை வரலாற்றில் இந்தப் பெருமை இன்னொருவருக்கு இல்லை.

அதே 1954-இல், அக்டோபர் 25 அன்று, ‘ரத்தக்கண்ணீர்’ திரைப்படமாக வந்தது. தயாரித்தது ‘பராசக்தி’ எடுத்த பெருமாளின் நேஷனல் பிக்சர்ஸ், இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு. காந்தாவாக எம். என். ராஜம், சந்திராவாக ஸ்ரீரஞ்சனி, பாலுவாக எஸ். எஸ். ராஜேந்திரன். சி. எஸ். ஜெயராமன் பாடும் பாட்டு ஒன்றின் நடுவே ராதா பேசிக்கொண்டே போவார். பாட்டு ஒரு வரி, பேச்சு ஒரு வரி. பாட்டு அழுகிறது, பேச்சு தன்னையே ஏசிக்கொள்கிறது. கதாநாயகன் தன் பாவத்துக்குக் கண்ணீர் வடிக்கும் காட்சியில் ரசிகனைச் சிரிக்கவும் வைத்து, சிரித்ததற்காக உடனே வெட்கப்படவும் வைத்த நடிகர் தமிழில் ராதா ஒருவரே.

இந்த நாடகத்தில் ஒரு குறையும் உண்டு. அதை மூடி மறைப்பது ராதாவுக்கு மரியாதை ஆகாது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-லேயே அந்தக் கிருமியைக் கண்டுவிட்டார். நாடகம் மேடையேறிய காலத்தில் டாப்சோன் மாத்திரையும் வந்துவிட்டது. கடவுள் இல்லை, கர்மவினை இல்லை என்று முழங்கிய பகுத்தறிவு மேடை, தாசி வீட்டுக்குப் போனவனுக்குத் தொழுநோயைத் தண்டனையாகக் கொடுத்தது. அந்த நோயால் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுக் கிடந்தவர்களுக்கு இது இன்னோர் அடி. காந்தாவின் பக்கத்து நியாயமும் கதையில் எங்கும் பேசப்படவில்லை. நடிப்பின் வெளிச்சத்தில் இந்த இரண்டும் பலர் கண்ணுக்குப் படாமல் போயின.

படத்தின் வெற்றிக்குப் பிறகு சினிமா ராதாவைத் தேடி வந்தது. ‘பாகப்பிரிவினை’யில் (1959) அண்ணன் தம்பி குடும்பத்தைப் பிளக்கும் சிங்கப்பூர்ச் சிங்காரம், ‘பாவ மன்னிப்பு’ (1961) ஆளவந்தார், ‘பலே பாண்டியா’வில் (1962) ஒன்றுக்கு இரண்டாக வேடம். ‘பலே பாண்டியா’வில் சிவாஜியும் அவரும் மாமனும் மாப்பிள்ளையுமாக உட்கார்ந்து ஸ்வரமும் ஜதியும் பாடும் காட்சியில், சிவாஜிக்கு எதிரே உட்கார்ந்து காட்சியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறார். ‘பெரிய இடத்துப் பெண்’, ‘கற்பகம்’, ‘இருவர் உள்ளம்’, ‘புதிய பறவை’, ‘சித்தி’ என்று அறுபதுகளில் அவர் இல்லாத மாதமே இல்லை என்னும்படி படங்கள் வந்தன. இவற்றில் பலவற்றில் வேடம் சிறியது, வசனம் சாதாரணம். ராதா வந்து நின்றால் போதும், காட்சி நிமிர்ந்துவிடும்.

1967 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. மாலையில் ராதாவும் ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தின் தயாரிப்பாளர் கே. கே. வாசுவும் ராமாவரம் தோட்டத்தில் எம்ஜிஆரைப் பார்க்கப் போனார்கள். பேச்சு முற்றியது. ராதாவின் துப்பாக்கி வெடித்தது. எம்ஜிஆரின் காதருகே பாய்ந்த குண்டு கழுத்தில் தங்கியது; ராதா தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். எம்ஜிஆரின் குரல் அதன்பின் பழையபடி திரும்பவில்லை. கழுத்துக் கட்டுடன் இருந்த அவருடைய படம் தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டது. அவ்வாண்டுச் சட்டமன்றத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். அந்தத் தேர்தலில் தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. எம்ஜிஆர்தான் முதலில் சுட்டார் என்ற ராதா தரப்பு வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. ஏழு ஆண்டு கடுங்காவல் விதித்தது; மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 1971-இல் வெளியே வந்தார்.

இந்த மலைநாட்டில் இச்செய்தி விழுந்த விதம் தனி. இறம்பொடையிலிருந்து கம்பளைக்கு இறங்கி, அங்கிருந்து பிரியும் பாதையில் போனால் நாவலப்பிட்டி. எம்ஜிஆர் 1917-இல் பிறந்த ஊர். சொந்த மண்ணில் பிறந்தவரைச் சுட்டவர் என்பதாலேயே ராதாவைத் திரைக்கு வெளியிலும் வில்லனாக வைத்துப் பேசும் பழக்கம் இங்கே ஊறிவிட்டது. சுட்டது குற்றம், அதற்கு அவர் சிறையும் கழித்தார். அதற்காக மேடையில் அவர் ஆண்டுக்கணக்கில் செய்ததைத் தள்ளிவிட முடியாது. எளிய மக்களின் பக்கம் நின்ற நாயகனாக எம்ஜிஆர் திரையில் தோன்றிய படங்கள் வருவதற்கு முன்பே, அதே மக்களுக்காக மேடையில் நின்று, போலீசும் கோர்ட்டும் பார்த்தவர் ராதா.

சிறையிலிருந்து வந்தவரைச் சந்தித்து எழுத்தாளர் விந்தன் எழுதிய ‘சிறைச்சாலைச் சிந்தனைகள்’ அவருடைய வாழ்க்கையை அவர் வாய்மொழியிலேயே தருகிறது. அந்தப் புத்தகத்தில் ஒளிவுமறைவு இல்லை. பிறரைத் திட்டுவதுபோலவே தம்மையும் திட்டிக்கொள்கிறார். மறுபடியும் நாடகம் போட்டார். நெருக்கடி நிலையின்போது 1976-இல் மிசா சட்டத்தில் மீண்டும் சிறை. எழுபதுகளின் கடைசியில் சில படங்களில் தலைகாட்டினார். பழைய வேகம் அவற்றில் இல்லை. மகன் எம். ஆர். ஆர். வாசு அதற்குள் வில்லனாகவும் நகைச்சுவை நடிகராகவும் பேர் வாங்கியிருந்தார். 1978-இல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் மகள் ராதிகா கதாநாயகியாக அறிமுகமானார்.

1979 செப்டம்பர் 17 அன்று, பெரியாரின் பிறந்தநாளில், திருச்சியில் மஞ்சள் காமாலையால் ராதா காலமானார். வயது 72. அப்போது தமிழ்நாட்டின் முதலமைச்சர் எம்ஜிஆர்.

(தொடரும்)