ஓய்வில் வளரும் உராய்வு

ஆண்டில் சில நாட்களே வேலை செய்யும் சிறு டிராக்டர் ஒன்று மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நிற்கிறது. பின்னர் ஒரு நாள் எஞ்சினைக் கிளப்புகிறார்கள். கிளட்சை மிதித்தாலும் கியர் விழ மறுக்கிறது, பற்சக்கரங்கள் கரகரக்கின்றன. உழைத்துத் தேய்ந்த பொறி பழுதாவது இயல்பு. உழைக்காத பொறி ஏன் பழுதாக வேண்டும்? இதற்கு விடை காண, பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சுக்குச் செல்வோம்.

உராய்வு விசை, பரப்புகளை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பள்ளியில் பயின்றிருப்பீர்கள். 1699ஆம் ஆண்டில் அமோன்டோன் என்பவர் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின்முன் வைத்த விதி அது. பிற்காலத்தில், கடற்படைப் பொறிகளுக்குப் பயன்படும் வகையில் உராய்வை ஆராய்வோருக்கு அக்கழகம் பரிசு அறிவித்தது. 1781இல் அப்பரிசைப் பெற்றவர் கூலும். ஆம், மின்னூட்டங்களின் விதியைத் தந்த அதே கூலும்தான்! இராணுவப் பொறியாளரான அவர், ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் மரத்தையும் உலோகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து இழுத்துப் பார்த்தார்.

ஒரு புதுமை தென்பட்டது. பொருள்களை அசையாமல் வைத்திருந்தால், அவற்றை நகர்த்தத் தேவையான விசை கூடிற்று. மரத்தின்மேல் மரம் சில நிமிடங்களில் உச்ச நிலையை எட்டியது. மரமும் உலோகமும் சேர்ந்தபோது அதற்குப் பல நாட்கள் பிடித்தன.

கூலும் தம் சமன்பாட்டில் இரண்டு உறுப்புகளை வைத்தார். ஒன்று அழுத்தத்தைப் பொறுத்தது. மற்றொன்று அழுத்தத்தைச் சாராத சிறு ஒட்டு விசை. அது மிகச் சிறியது என்பதால் நம் பாடநூல்கள் அதை விட்டுவிடுகின்றன. நமது டிராக்டரின் தொல்லை இந்த இரண்டாம் உறுப்பில்தான் இருக்கிறது.

உலர் கிளட்சில், உராய்வுப் பட்டை ஒட்டிய தட்டு ஒன்றை வலுவான விற்சுருள்கள் எஞ்சினின் ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கின்றன. பெடலை மிதித்தால் அந்த அழுத்தம் நீங்கும். அமோன்டோன் விதிப்படி உராய்வும் மறைய வேண்டும். ஆனால் ஈரக்காற்று பட்டு இரும்புப் பரப்பு துருப்பிடிக்கிறது. அத்துரு பட்டையின் நுண்துளைகளில் புகுந்து பசைபோல் இறுகுகிறது. அழுத்தம் போனாலும் ஒட்டு போவதில்லை!

கியரில் இருக்கும் இத்தகைய வண்டி, கிளட்சை மிதித்தாலும் நிற்காமல் ஓடும். முன்னால் நிற்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

தடுப்பது கடினமன்று. வண்டியை உலர்ந்த, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துங்கள். நெடுநாள் நிறுத்துவதானால், பெடலை மிதித்த நிலையிலேயே கொக்கியாலோ மரக்கட்டையாலோ நிறுத்தி வையுங்கள். தட்டு விலகி நிற்கும். அல்லது மாதம் ஒருமுறை, கியர் நடுநிலையில் இருக்க எஞ்சினை ஓட்டி, கிளட்சைப் பலமுறை மிதித்து விடுங்கள். துருவுக்கு அஞ்சிப் பட்டையில் எண்ணெய் மட்டும் விடாதீர்கள்; பிறகு கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும்.

பாடநூல் விட்டுவிட்ட சிறு உறுப்பு கொட்டகையில் பேருருவம் எடுப்பதைக் கண்டீர்களா? அடுத்த முறை ஒரு சமன்பாட்டில் 'இது மிகச் சிறியது' என்று படிக்கும்போது, எப்போது, எந்நிலையில் சிறியது என்று கேளுங்கள்.