லால்குடி: ஓர் ஊரும் ஒரு வயலினும்

மஸ்கெலியாவில் நான் சிறுவனாக இருந்த காலத்தில், 'லால்குடி' என்ற சொல்லை இரண்டு இடங்களில் மட்டுமே கேட்டிருக்கிறேன். ஒன்று, பெரியவர்கள் கூடிப் பூர்வீகம் பேசும்போது. மற்றொன்று, சின்னையாவின் டிரான்சிஸ்டர் வானொலியில்.

என் தந்தையின் தம்பியான சின்னையா, தோட்டத்து ஸ்டோரில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்தார். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தப்பு அடிப்பவரும் அவரே. இராகம் எதன் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆயினும் சனிக்கிழமை இரவுகளில், திருச்சி வானொலி நிலையம் அஞ்சல் செய்யும் கச்சேரிக்காக லயத்துக் காம்பிராவின் வாசலில் போர்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார். பனிமூட்டத்துக்கிடையே அலை வருவதும் போவதுமாக இருக்கும். அறிவிப்பாளர் "வயலின், லால்குடி ஜெயராமன்" என்று சொன்னதும் அவர் முகம் மலரும். "நம்ம ஊர்க்காரர்" என்பார்.

எங்கள் முன்னோர் லால்குடிக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரிலிருந்து கங்காணியின் பின்னால் கப்பலேறி வந்தவர்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், புதுக்கோட்டை, மதுரைப் பக்கங்களிலிருந்து மலையகத்துக்கு வந்த பல்லாயிரம் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. சின்னையா பாராத ஊர் அது. அந்த ஊரின் பெயரைத் தம் பெயருக்கு முன் தாங்கிய ஒருவர் ஆகாயத்தில் ஒலிக்கிறார் என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

லால்குடி என்பது பின்னாளில் வந்த பெயர். தேவாரம் அறிந்தவர்களுக்கு அது திருத்தவத்துறை. மாலிக் காபூர் படையெடுத்து வந்தபோது சிவந்த கோபுரத்தைக் கண்டு 'லால் குடி' என்றான் என ஒரு கதை சொல்வார்கள். நான் அதை நம்புவதில்லை. சப்தரிஷீசுவரர் கோயில் கொண்ட அவ்வூரில் வாழ்ந்த இராம ஐயர், தியாகராஜ சுவாமிகளின் சீடர். அவர் அழைப்பின் பேரில் சுவாமிகள் அங்கு வந்து பாடிய ஐந்து கீர்த்தனைகளே லால்குடிப் பஞ்சரத்தினம். அந்த வழியில் வந்த வி. ஆர். கோபால ஐயரின் மகனாக 1930 செப்டம்பர் 17 அன்று ஜெயராமன் பிறந்தார்.

தந்தையே குரு. கடுமையான குரு. விரல் வெட்டுப்பட்டுவிடும் என்றஞ்சி மகனைப் பென்சில் சீவக்கூட அவர் விடமாட்டார் என்று சொல்வார்கள். பன்னிரண்டாவது வயதில் பக்கவாத்தியக்காரராக மேடையேறினார் ஜெயராமன்.

'பக்கவாத்தியம்' என்ற சொல்லிலேயே ஒரு கதை இருக்கிறது. வயலின் நம்முடைய கருவி அன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய வாசிப்பைக் கற்று அதை நம் இசைக்குக் கொணர்ந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தாலான ஒரு வயலினைப் பரிசளித்தார். இத்தனை சீராட்டு இருந்தும் கச்சேரியில் அதன் இடம் பாடகருக்குப் பக்கத்தில்தான். அவர் ஆலாபனை செய்தால் இவர் பின்தொடர வேண்டும். அவர் நிறுத்தினால் இவர் நிரப்ப வேண்டும்.

அரியக்குடி, செம்பை, செம்மங்குடி, ஜி. என். பி., மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என ஒருவர் பாணிக்கு ஒருவர் பாணி ஒவ்வாத பெரியவர்கள் அனைவருக்கும் அருகில் அமர்ந்து ஜெயராமன் வாசித்தார். அவ்வரிசையே ஒரு பல்கலைக்கழகம். அவர் அங்கிருந்து எடுத்துக்கொண்டது குரலை. வில்லை நீளமாக இழுத்து, பாட்டின் சொல் எங்கே பிரிகிறதோ அங்கே அழுத்தம் மாற்றி, கமகங்களை மிடற்றிலிருந்து வருவதுபோல் விரலால் வழுக்கி வாசிப்பார். கீர்த்தனை தெரிந்தவர்களுக்கு அதன் சொற்களே காதில் விழும். 'லால்குடி பாணி' என்று இன்று சொல்லப்படுவதன் உயிர் அதுதான்.

1965-இல் எடின்பரோ விழாவில் அவர் வாசிப்பைக் கேட்ட யெகுதி மெனுகின் தம்முடைய இத்தாலிய வயலின் ஒன்றை அவருக்குப் பரிசளித்தார். மறு ஆண்டில், புல்லாங்குழல் ரமணி, வீணை வெங்கட்ராமன் ஆகியோருடன் வயலின், வேணு, வீணை என்ற மூவர் கச்சேரியைத் தொடங்கினார். அதில் பாடகர் இல்லை. 1979-இல் தில்லி வானொலி பதிவு செய்த அவருடைய வாசிப்பு, பாக்தாதில் நடைபெற்ற சர்வதேச இசை அரங்கில் 77 பதிவுகளுள் முதன்மையானதாகத் தேர்வு பெற்றது. பத்மஸ்ரீ, பத்மபூஷண் முதலிய விருதுகளைப் பலரும் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

எனக்கு வியப்பளிப்பது அவர் இயற்றியவையே. மோகனகல்யாணி, தேஷ், துவிஜாவந்தி, ரேவதி, பேஹாக், செஞ்சுருட்டி என எத்தனை தில்லானாக்கள்! ஒன்பது சுவைகளுக்கு ஒன்பது இராகங்களைக் கோத்த பதவர்ணம், சாருகேசி வர்ணம் என எத்தனை வர்ணங்கள்! தில்லானாவின் பெரும்பகுதிக்குப் பொருளுள்ள சொல் கிடையாது. ஜதிச் சொற்கட்டும் தாளமுமே ஓடும். இறுதியில்தான் ஓரிரு அடி சாகித்தியம் வரும். குரலைப் போல வாசிக்க வாழ்நாளெல்லாம் முயன்ற ஒருவர், தாம் இயற்றப் புகுந்தபோது சொற்களை ஏறத்தாழ விட்டுவிட்ட இவ்வடிவத்தில் இத்தனை ஆழ்ந்தார் என்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. முதலில் வயலின் குரலைப் பின்பற்றியது. பின்பு பாடகர்கள் அந்த வயலினைப் பின்பற்றிப் பாடத் தொடங்கினர். பரதநாட்டியக்காரர்கள் அதற்கு ஆடினர். பக்கத்தில் இருந்தவர் நடுவுக்கு வந்தது இவ்வழியாகத்தான்.

இஸ்தான்புல்லில் 1916-இல் மறைந்த தன்பூரி ஜெமில் பேயின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு லால்குடி நினைவு வரும். நீண்ட கழுத்துடைய தன்பூர் என்னும் தந்திக் கருவியில் ஈடற்றவர் அவர். அக்கருவியை வில்லாலும் வாசித்துப் பார்த்தார். அவர் இயற்றிய 'சாஸ் செமாயி' உருப்படிகளைத் துருக்கிய மாணவர்கள் இன்றும் பயில்கிறார்கள். அவர் மகன் மெசுத் ஜெமிலும் இசைக்கலைஞராகி, வானொலியில் பணியாற்றி, தந்தையின் வாழ்க்கையை நூலாக எழுதினார். இங்கே மகன் கிருஷ்ணனும் மகள் விஜயலட்சுமியும் வில்லை ஏந்தினார்கள். பம்பாய் ஜெயஸ்ரீ போன்ற பாடகர்களும் ஜெயராமனின் மாணவர்களே.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். சின்னையா "நம்ம ஊர்க்காரர்" என்றது பாதிதான் உண்மை. தியாகராஜரின் இசை தலைமுறை தலைமுறையாகக் காக்கப்பட்ட அக்கிரகாரமும், எங்கள் பாட்டன்மார் பஞ்சத்தில் விட்டுவந்த சேரியும் சில கல் தொலைவுக்குள்தான் இருந்தன. ஆயினும் அந்த இசை அவர்கள் காதில் விழ வழியில்லை. கடல் கடந்து, நாலாயிரம் அடி உயர மலைக்கு வந்து, மூன்று தலைமுறை கழித்து, வானொலி என்ற ஒன்று வந்த பின்னரே பக்கத்துத் தெருவின் பாட்டு எங்களை எட்டியது. இதில் ஜெயராமனின் குற்றம் ஏதுமில்லை. ஆனால் அவர் வரலாற்றை எழுதுகிற மலையகத்தான் இதை விட்டுவிட்டு எழுத முடியாது.

1964-இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. 1969-இல் மவுஸ்ஸாக்கலை அணையின் நீர் பழைய மஸ்கெலியாப் பட்டினத்தை மூடியது. அடுத்த ஆண்டு சின்னையாவின் பெயர் வந்தது. அட்டனில் அவரை ஏற்றிய வண்டியை எங்கள் மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்று அழைத்தார்கள். தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். டிரான்சிஸ்டரை என்னிடம் கொடுத்துவிட்டு, "இனி எனக்கு எதுக்கு? அங்க நேராவே கேக்கலாம்" என்றார்.

பல ஆண்டுகளுக்குப் பின் அவரைத் தேடிச் சென்றேன். லால்குடிக்கு அருகில் கூலி வேலை செய்து ஓய்ந்திருந்தார். ஊரில் அவரைச் 'சிலோன்காரர்' என்றார்கள். கச்சேரியை நேரில் கேட்டீர்களா என்று கேட்டேன். "அவரு மெட்ராசுக்குப் போய் ரொம்ப நாளாச்சாமே" என்று சிரித்தார்.

ஜெயராமன் 2013 ஏப்ரல் 22 அன்று சென்னையில் தம் 82-ஆம் வயதில் காலமானார். சின்னையா அதற்கு முன்பே போய்விட்டார்.

அண்மையில் மஸ்கெலியாவில் ஒரு கோயில் திருவிழாவுக்குச் சென்றிருந்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் எண்மர் மோகனகல்யாணித் தில்லானாவுக்கு ஆடினார்கள். இயற்றியவர் லால்குடி ஜெயராமன் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். என் அருகில் அமர்ந்திருந்த மூதாட்டி, கொழுந்துக்கறை ஏறிய விரலால் என் கையைத் தொட்டு, "லால்குடியா? அது எங்க அப்பாயி ஊரு பக்கமில்லையா, தம்பி?" என்றார். ஆம் என்றேன். அவர் தலைத்துணியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு மேடையைப் பார்க்கத் திரும்பினார்.