சந்திரகிரி மேற்கோட்டை: ஓர் எல்லைக் காவலின் மறைவு

திருப்பதிக்குத் தென்மேற்கே, சுவர்ணமுகி ஆற்றின் வலக்கரையில், சுற்றுநிலத்துக்கு மேல் ஏறத்தாழ 600 அடி உயர்ந்து தனித்து நிற்கும் கருங்கற்குன்றின் அடிவாரத்தில் ராஜமகாலையும் ராணிமகாலையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் பலர். குன்றின் தலையிலிருந்த மேற்கோட்டையை நாடி ஏறுவோர் மிகச் சிலர். ஏறியவர்க்கும் அங்கே எதிர்ப்படுவன சிதைந்த சுவர்களும் கற்குவியல்களுமே. அரண்மனை நிலைத்திருக்க, அதற்குக் கண்ணாக விளங்கிய காவல்நிலை அழிந்தது ஏன்? பீரங்கியின்மேல் பழியைப் போட்டுவிடுவது எளிது. எல்லை இடம்பெயர்ந்ததே மூலகாரணம் என்பது என் துணிபு.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வடவெல்லையாகக் கூறும் வேங்கடத்தின் சாரல் இப்பிரதேசம். சோழர்க்கு அடங்கிய சிற்றரசர்களாய் நாராயணவனத்தைச் சார்ந்து ஆண்ட யாதவராயர் மரபில் இம்மடி நரசிங்கர் என்பவர் கி.பி. 1000-ஐ ஒட்டி இத்துர்க்கத்தை நிறுவினார் என்பது கர்ணபரம்பரை. அம்மரபினரின் சாசனங்கள் பெரும்பாலும் 12, 13-ஆம் நூற்றாண்டுகளுக்கு உரியனவாதலின், அவ்வளவு முற்பட்ட காலத்தை ஏற்க எனக்குத் தயக்கமுண்டு.

விஜயநகரப் பேரரசு தெற்கே பரவியபின், எல்லைப்புறமாயிருந்த குன்று பேரரசின் உள்நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆயினும் அதன் மதிப்புக் குன்றவில்லை. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485-இல் விஜயநகர அரியணையையே கைப்பற்றினார். அச்சுததேவராயர் 1529-இல் முடிசூடும்வரை இக்கோட்டையிலேதான் காவலில் வைக்கப்பட்டிருந்தார். வெளிப்பகைவரை நோக்க எழுந்த அரண், அரசகுலத்தாரையே அடைத்துவைக்கும் சிறையாயிற்று! தலைக்கோட்டைப் போருக்குப் பிற்பட்ட காலத்தில், இரண்டாம் வேங்கடபதிராயர் பெனுகொண்டாவை விட்டு இதனைத் தம் ராஜதானியாக்கிக்கொண்டார்.

இக்காலப் பகுதியை நினைக்கையில், திருமலைக்கும் சந்திரகிரிக்கும் இடையே நின்ற மணிமண்டபங்களைப் பற்றி இவ்வூரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தியைக் குறிக்காமல் விடலாகாது. வேங்கடவனுக்கு நைவேத்தியம் ஆனதும் மலைமேல் மணி ஒலிக்குமாம். அவ்வொலி கேட்டு அடுத்த மண்டபத்தான் தன் மணியை அடிப்பானாம். இவ்வாறு மண்டபந்தோறும் இறங்கிவந்த ஒலி அரண்மனையை எட்டிய பிறகே அரசர் இலையில் கைவைப்பாராம். கதையில் பக்தி மிகுந்திருப்பினும், அதற்கு அடியில் கிடப்பது பகைவர் வரவைக் குன்றுக்குக் குன்று அறிவிக்கும் பழைய காவல்முறையே என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லைக்காகப் பழகிய செவி கோயிலுக்காகத் திரும்பியது.

அத்திருப்பம் வெறும் பக்தியோடு நிற்கவில்லை. 1646-இல் கோல்கொண்டா வசமாகி, ஒரு நூற்றாண்டுக்குப்பின் ஆர்க்காட்டு நவாபைச் சேர்ந்த இக்கோட்டையை 1758-இல் வைத்திருந்த நவாபின் தம்பி அப்துல் வகாப் கான், இது தம் கையிலிருக்கும் உரிமையாலேயே திருப்பதிக்குப் பாதுகாவலரானார். கோட்டையை வைத்திருப்பவனுக்கே கோயில்மேல் ஆதிக்கம்! 1782-இல் ஹைதர் அலி இதனைப் பணியவைத்தார். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைவரை இது மைசூருக்கு உட்பட்டிருந்தது. 1801-இல் கர்நாடகம் முழுவதும் கும்பினியார் ஆட்சிக்குள் வந்தபின், வடக்கும் தெற்கும் மேற்கும் ஒரே துரைத்தனம். குன்றின்மேல் நின்று யாரைப் பார்ப்பது?

கீழ்க்கோட்டையில் சாந்தின்றிப் பொருத்திய பெருங்கற்கள் இன்றும் அசையாமல் இருக்கின்றன. மரமே சேர்க்காமல் செங்கல்லும் கல்லும் சுண்ணாம்பும் கொண்டு மூன்று நிலையாய் எழுப்பிய ராஜமகால் இன்று தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். அதன் உச்சியில், கோயில் விமானத்தை நினைவூட்டும் சிறு கோபுரங்கள் உள்ளன. ஆள் ஏறி நின்று காவல் காக்க இடமற்ற, அழகுக்கே அமைந்த கோபுரங்கள் அவை.

எல்லைகளோ அதன்பின்னும் இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன. 1911-இல் சித்தூர் மாவட்டம் தோன்றியது. 1960 ஏப்ரல் முதல்நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2022-இல் சந்திரகிரி புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் சென்றது. தமிழ்நாட்டு எல்லை இப்போது குன்றுக்குத் தெற்கே நெடுந்தொலைவில், லாரிகள் வரிசையாய்க் காத்துநிற்கும் சோதனைச்சாவடியில் இருக்கிறது.