1900 பரிஸ்: கோலூன்றிப் பாய்தலில் பாயாமல் போனவர்கள்

1900 பரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான கோலூன்றிப் பாய்தல் ஜூலை 15, ஞாயிற்றுக்கிழமை நடைபெற்றது. அமெரிக்கரான அர்விங் பாக்ஸ்டர் 3.30 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார்.

அவரது நாட்டின் முன்னணி வீரர்கள் மூவர் அதில் பங்கேற்கவில்லை. டானியல் ஹோர்ட்டன் ஞாயிறன்று போட்டியிட மறுத்தார். சார்ள்ஸ் டுவோராக், பாஸ்கம் ஜோன்சன் இருவரும் மைதானத்துக்கு வந்தும், அன்று போட்டி இல்லை எனக் கூறப்பட்டதால் திரும்பிச் சென்றனர். பின்னர் போட்டி நடத்தப்பட்டது.

ஆறுதலாக வைக்கப்பட்ட இன்னொரு போட்டியில் ஹோர்ட்டன் 3.45 மீற்றர் பாய்ந்தார். அதற்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை.

அன்றே உயரம் பாய்தலிலும் வென்ற பாக்ஸ்டரின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு தவறான அறிவித்தல் பறித்த வாய்ப்பைப் பதக்கப் பட்டியல் சொல்வதில்லை. டுவோராக் 1904இல் சென் லூயிஸில் 3.50 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். ஜோன்சனின் பெயர் அந்தப் பட்டியலில் ஒருபோதும் ஏறவில்லை.