சேறு கேட்கும் சக்கரம்

கும்பளங்கியில் சக்கரத்துக்கு வெகுகாலம் பெரிய வேலை இருந்ததில்லை. கொச்சியில் பெரும்படப்புக்குத் தெற்கே, செல்லானத்துக்குக் கிழக்கே, காயல் சூழ்ந்து கிடக்கும் ஊர் அது. மழைக்காலத்தில் பொக்காளி நெல், அறுவடை முடிந்து உப்புநீர் ஏறியதும் அதே வயலில் இறால். இரண்டுக்கும் நடுவே போக வர வள்ளம். இந்த வட்டாரத்தில் தரைக்கு அடியில் இருப்பது பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் கடற்களிமண். கொச்சியில் மாடிக்கட்டடம் எழுப்புகிறவர்கள் பைல் இறக்காமல் அஸ்திவாரம் போடத் தயங்குவதும் அதனால்தான். இங்கிருந்து 130 கிலோமீட்டர் போனால் மூணாறு. அங்கும் மழை, அங்கும் சேறு. ஆனால் மலைச்சேறு பல இடங்களில் ஒரு சாண், இரண்டு சாணுக்கு மேல் போகாது. அதன் கீழே சரளையோ செம்புரைக்கல்லோ பாறையோ கிடைத்துவிடும். ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் மாட்டுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். கேரள மலைப்பாதையின் ஏறத்தாழ நூறாண்டு அனுபவம் உயரமான, ஒடுக்கமான டயரின் பக்கம் நிற்கிறது என்பதும், இன்று விரும்பி வாங்கப்படும் அகல டயர் மணல் தேசத்துப் பழக்கம் என்பதும் என் கட்சி. எதிர்க்கட்சிக்கும் நல்ல வாதங்கள் உண்டு. அவற்றையும் பார்க்கலாம்.

அகலமா ஒடுக்கமா என்ற வழக்கு ரப்பர் டயருக்கு முந்தையது. இங்கிலாந்தில் 1753-ல் பெரிய சரக்கு வண்டிகளின் சக்கரப்பட்டை ஒன்பது அங்குல அகலம் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஒடுக்கமான இரும்புப்பட்டை சாலையைக் கத்தியாக அறுத்துப் பள்ளம் போடுகிறது என்பது புகார். நம் ஊர்ப் பொதுப்பணிப் பொறியாளர்களும் மாட்டுவண்டியின் இரும்புப்பட்டை மீது இதே புகாரைத் தலைமுறைகளாகச் சொல்லி வந்தார்கள். கவனிக்க வேண்டியது, இது சாலையின் புகார், வண்டிக்காரனின் புகாரல்ல. மட்டாஞ்சேரி பஜார் சாலையில் மிளகும் சுக்கும் ஏற்றிப் போன வண்டிக்காரனுக்கு ஒடுக்கச் சக்கரம் வசதியாகவே இருந்தது. மழைச்சேற்றில் அது மேல்சேற்றை வெட்டிக்கொண்டு இறங்கி, அடியில் கெட்டித்தரையைப் பிடித்துக்கொள்ளும், மாடு இழுத்துவிடும். அடியில் கெட்டித்தரை இருக்கும்வரை இந்தக் கணக்கு சரி. இல்லாத இடத்தில் வண்டி அச்சுவரை புதையும். கும்பளங்கி வள்ளத்தை நம்பியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மூணாறு தேயிலைத் தோட்டங்கள் இந்தச் சிக்கலுக்குக் கண்ட முதல் விடை விசித்திரமானது. 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டார்கள். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் பாரத்தில் பெரும்பகுதி ஒற்றைத் தண்டவாளத்தின் மேல் ஓடும் சிறு சக்கரங்களில் இறங்கும்; பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் வெறும் மண்ணில் உருண்டபடி வண்டி சாயாமல் தாங்கிக்கொள்ளும். இழுத்தவை மாடுகள். பாரத்தை மண்ணிடம் கொடுக்கக் கூடாது, சமநிலைக்கு மட்டும் அதை நம்பலாம் என்று முடிவு செய்த ஒரு பொறியாளரின் புத்தி அது. 1908-ல் அதை எடுத்துவிட்டுக் குறுகிய ரயில்பாதை போட்டார்கள். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் வழியே தமிழ்நாட்டுக்குப் போனது. 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடித்துப் போனது. பழைய மலைச்சாலையும் போயிற்று. பிறகு ஆலுவாயிலிருந்து புதிய சாலை வெட்டி 1931-ல் திறந்தார்கள். நேரியமங்கலம் பாலம் 1935-ல் வந்தது. அதற்குள் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ உருவாக்கிய கொச்சித் துறைமுகத்தில் 1928 முதல் பெரிய கப்பல்கள் நுழையத் தொடங்கியிருந்தன. தேயிலையின் முகம் போடியிலிருந்து கொச்சிக்குத் திரும்பியது. தண்டவாளம் போன இடத்தில் இனி டயர்தான் பாரத்தை மண்ணிடம் ஒப்படைக்க வேண்டும். அந்த டயருக்கான ரப்பரும் அதே மலையடிவாரத்தில் வளர்ந்தது தற்செயல்தான்: பெரியாற்றங்கரையில் தட்டேக்காட்டில் இந்தியாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் தொடங்கியதும் 1902-ல்.

ஜீப் வந்தது இரண்டாம் உலகப் போரோடு. 1941-ல் உற்பத்திக்கு வந்த வில்லிஸ் எம்பி வண்டியின் டயர் 6.00-16. இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வரலாறு தெரிந்த மாதிரி. டயரின் அகலம் ஆறு அங்குலம். ரிம் பதினாறு அங்குலம். அந்தக் கால டயரில் பக்கச்சுவரின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமம் என்பதால் மேலே ஆறு, கீழே ஆறு, நடுவே பதினாறு என்று கூட்டினால் மொத்த உயரம் 28 அங்குலம் சொச்சம். 7.00-16 என்றால் முப்பதுக்குச் சற்று மேல். 1947 முதல் பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியபோதும், 1948-ல் இங்கிலாந்தில் முதல் லேண்ட்ரோவர் வந்தபோதும் காலில் இருந்தது இதே 6.00-16. பின்னர் நீள லேண்ட்ரோவருக்குப் பாரம் கூடியதும் 7.50-16-க்குப் போனார்கள். அகலம் ஒன்றரை அங்குலம்தான் ஏறியது. உயரம் ஏறத்தாழ மூன்று அங்குலம் ஏறியது. பாரம் கூடும்போது அகலத்தைவிட உயரத்தை நம்பிய காலம் அது.

உயரம் ஏன் முக்கியம் என்பதற்கு ஜீப்பின் வயிற்றைப் பார்த்தால் போதும். லிஃப்ட் கிட் போட்டு லீஃப் பட்டையைத் தடித்ததாக்கினால் பாடி உயரும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இடம் கிடைக்கும். ஆனால் ஆக்சிலும் அதன் நடுவில் பூசணிக்காய் அளவில் தொங்கும் டிஃபரன்ஷியலும் ஒரு மயிரிழைகூட உயராது. பாறையில் முதலில் மோதுவது அதுதான். அதை உயர்த்த டயரை விட்டால் சாதாரண ஜீப்பில் வேறு வழி கிடையாது, அதுவும் டயர் உயரத்தில் கூடுவதில் பாதியளவு மட்டுமே. 28 அங்குலத்திலிருந்து 31-க்குப் போனால் ஆக்சில் ஒன்றரை அங்குலம் ஏறும். அந்த ஒன்றரை அங்குலத்துக்கு விலையும் உண்டு. ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-ல் போகும். பழைய சிஜே (சிவிலியன்) ஜீப்பின் 5.38 ஆக்சில் விகிதம் நடைமுறையில் 4.86 ஆகிவிடும், ஏற்றத்தில் முதல் கியரின் இழுவை பத்தில் ஒரு பங்கு குறையும். இந்த விலையைக் கொடுத்து உயரம் வாங்குகிறவர், கூடவே அகலத்தையும் வாங்கினால் என்ன கிடைக்கிறது?

பலர் நினைப்பதைவிடக் குறைவாகவே கிடைக்கிறது. ஆட்களோடு 1,400 கிலோ இருக்கும் ஜீப்பில் ஒரு சக்கரத்துக்கு 350 கிலோ. காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ, அதாவது 28 பிஎஸ்ஐ என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 175 சதுர சென்டிமீட்டர். காற்றை 14-க்கு இறக்கினால் 350. பக்கச்சுவரின் விறைப்பு கொஞ்சம் தாங்கும் என்பதைத் தவிர்த்தால், இந்தக் கணக்கில் டயரின் அகலம் வரவே இல்லை. அகல டயரும் ஒடுக்க டயரும் ஒரே காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஒரே பரப்பைத்தான் தொடுகின்றன. ஒன்று குறுகிய அகலமான தடம், மற்றது நீண்ட ஒடுக்கமான தடம். சேற்றில் உருளும் சக்கரம் தன் அகலத்துக்கான சேற்றை முன்னால் தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. பத்தரை அங்குல டயர் ஏழு அங்குல டயரைவிட ஒன்றரை மடங்கு சேற்றைத் தள்ளும். மழையில் ஊறிய எஸ்டேட் பாதையில் அகல டயர் மேல்சேற்றிலேயே மிதந்து வழுக்க, ஒடுக்க டயர் அதைக் கிழித்து அடியிலுள்ள சரளையைப் பிடித்துவிடும். வண்டிக்காரன் கண்டதுதான் இது; ரப்பர் வந்ததால் மாறிவிடவில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். நம்மவர்கள் ஒடுக்க டயரைத் தேர்ந்தெடுத்தார்களா, கடையில் அதுதான் கிடைத்ததா? லைசென்ஸ் காலத்தில் இறக்குமதிக்கு வழியில்லை. திருவொற்றியூரில் 1946-ல் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், 1952-ல் டிரெட் ரப்பருக்கு வந்து, 1961-ல்தான் டயர் செய்யத் தொடங்கியது. கொச்சிக்குப் பக்கத்தில் களமசேரியில் பிரீமியர் டயர்ஸ் வந்தது. 1977-ல் சாலக்குடி அருகே பேராம்பிராவில் அப்பல்லோ. ரப்பர் விளைந்த மாநிலத்திலேயே டயர் வாங்க வரிசை நின்ற காலமும் இருந்தது. ஆகவே அந்தக் கால ஜீப்பின் காலில் இருந்ததெல்லாம் அனுபவத்தின் தேர்வு என்று சொன்னால் அது மிகை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தட்டுப்பாடு மட்டுமே காரணம் என்றால், நம் லைசென்ஸ் காலத் தட்டுப்பாடு எட்டாத அமெரிக்கப் படையும் லேண்ட்ரோவர்க்காரர்களும் அதே அளவுக்கு ஏன் வந்தார்கள்? பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை வளைவுக்கு வளைவு ஒடித்துத் திருப்பும் கைக்கும், சிறிய நான்கு சிலிண்டர் இன்ஜினுக்கும் ஒடுக்க டயர் இலகு. தட்டுப்பாடு அந்தத் தேர்வை நீட்டித்தது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அகல டயர் வெறும் ஜம்பமென்றால் பாலைவனத்தில் அது எப்படி வென்றது? பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டு 1920-களின் இறுதியிலிருந்து லிபியப் பாலைவனத்தில் சாதாரண ஃபோர்டு கார்களில் ஓடிக் கற்ற பாடம், டயரில் காற்றை இறக்கு என்பது. போரில் அவர் அமைத்த நெடுந்தூரப் பாலைவனப் படை மணலுக்கான அகல டயர்களோடு அதையே செய்தது. மணலில் கீழே தோண்டினால் கெட்டித்தரை கிடைக்காது, மேலும் மணல்தான். எனவே மேலே மிதப்பதே வழி. அப்படியானால் அடித்தரை இல்லாத கும்பளங்கிச் சேற்றுக்கும் அகல டயர்தானே சரி? தர்க்கப்படி சரிதான். ஆனால் அந்தக் களிமண்ணின் தாங்குதிறன் அவ்வளவு அற்பமானது. காற்றைப் பாதியாக இறக்கினாலும் ஜீப் மிதக்கும் அளவுக்கு அழுத்தம் குறையாது. அங்கே ஓடும் வண்டி வரம்பின் மேல் கொட்டி இறுக்கிய மண்ணிலும் தார்ச்சாலையிலும்தான் ஓடுகிறது. தார்ச்சாலைக்கு அகலமான ரேடியல் நல்லது. மழையில் பிரேக் பிடிக்கவும் வளைவில் நிற்கவும் 6.00-16 பட்டன் டயர் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. வாரம் முழுக்க கொச்சியில் ஓட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை வாகமன் ஏறுகிறவர் சற்று அகலமான டயர் போட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவருடைய மண் தார்.

ஜம்பத்துக்குக் கடிவாளம் போட்டது சட்டம். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரள மாநில விதி அதைத் தளர்த்துகிறது என்று கொச்சியில் அமர்ந்த உயர்நீதிமன்ற அமர்வு சொன்னதை 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. மட்கார்டுக்கு வெளியே ஒரு சாண் துருத்தும் டயரோடு நெடுஞ்சாலையில் போவது அதற்குப் பிறகு துணிச்சலான காரியமாகிவிட்டது. மாற்றம் வேண்டும் என்கிறவர்கள் தயாரிப்பாளரே அனுமதித்த அளவுகளுக்குள் தேட வேண்டியிருக்கிறது. அங்கேதான் பழைய கணக்கு மீண்டும் தலைகாட்டுகிறது. 2020-ல் வந்த மகிந்திராவின் ‘தார்’ (Thar) ஜீப்பில் இரண்டு அளவுகள் இருந்தன: விலை குறைந்ததில் 245/75 ஆர்16, விலை கூடியதில் 255/65 ஆர்18. மொத்த உயரம் இரண்டிலும் 30, 31 அங்குலம்தான். முதலாவதில் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், இரண்டாவதில் 166. காற்றை இறக்கும்போது கசங்கிக் கொடுக்க முதலாவதில்தான் சதை அதிகம். விலை கூடியதை வாங்கி, ரிம்மை மாற்றி, விலை குறைந்ததன் அளவுக்குத் திரும்புகிற மலைப்பிரியர்கள் கணிசமாக இருக்கிறார்கள்.