மூளைத் தமனி வீக்கம்: அறுவைக்குப் பிந்தைய நிலையும் மறுசிகிச்சையும் (வத்தல்மலை நோக்கில்)

மூளைத் தமனியின் சுவர் நலிந்த இடத்தில் உப்பிப் புடைப்பதே தமனி வீக்கம்; மருத்துவர்கள் அனியூரிசம் என்பார்கள். அது வெடித்து, அறுவையில் பிழைத்தவருக்கும் கண்டம் உடனே நீங்குவதில்லை. வெடிப்புக்குப் பின் 4 முதல் 14 நாள்வரை மூளை ரத்தக்குழாய்கள் சுருங்கிப் பக்கவாதம் வரக்கூடும். அதனால்தான் நிமோடிபின் மாத்திரையை 21 நாள் கொடுக்கிறார்கள். வீடு திரும்பியபின் தலையில் தழும்பு மட்டுமே பிறர் கண்ணுக்குப் படும். பொட்டுப் பக்கத் தசையை விலக்கி மண்டையோட்டைத் திறந்திருந்தால் வாயை அகலத் திறக்க முடியாது, மெல்லும்போது தாடை வலிக்கும். அசதியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கும். ஆள் நன்றாகத்தானே இருக்கிறார் என்று காப்பித் தோட்ட வேலைக்கு அனுப்பிவிடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

அடுத்த கேள்வி மறுசிகிச்சை. இந்நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேறோர் இடத்திலும் வீக்கம் இருக்கும். முதல் வீக்கமே முழுதாக அடைபடாமலும் போகலாம். அடைக்க இரண்டு வழிகள்: ரத்தக்குழாய் வழியே மெல்லிய உலோகச் சுருளை, அதாவது காயிலை, வீக்கத்துக்குள் நிரப்புவது; அல்லது மண்டையைத் திறந்து வீக்கத்தின் கழுத்தில் உலோகக் கிளிப் இடுவது. 2002இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், வெடித்த வீக்கத்துக்குச் சிகிச்சை பெற்ற 2,143 பேரில், ஓராண்டுக்குள் இறந்தவர்களும் பிறர் துணையில் வாழ்பவர்களும் காயில் பொருத்தப்பட்டோரில் 23.7 சதவீதம், கிளிப் இடப்பட்டோரில் 30.6 சதவீதம். தொடக்கத்தில் காயிலுக்கே அனுகூலம். ஆனால் காயில் நாளடைவில் அமுங்கி வீக்கம் மறுபடி நிரம்பலாம். ஆகவே ஆஞ்சியோகிராம் பரிசோதனையை ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். எனவே, மறுசிகிச்சையை முடிவு செய்யும்போது வீக்கத்தின் அளவோடு, தொடர் கண்காணிப்பு நடக்குமா என்பதையும் எடைபோட வேண்டும். தர்மபுரி நகரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டிய வத்தல்மலையில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர்களில், இது சில்லறை விஷயம் அல்ல. ஒரு பரிசோதனைக்கு ஒரு நாள் கூலியும் துணைக்கு வருபவரின் கூலியும் போகும்.

தூரத்தைக் காரணம் காட்டினால் மலைவாசிக்கு இரண்டாந்தர வைத்தியம்தான் மிஞ்சும் என்று மறுக்கலாம். நியாயமான அச்சம்தான். உயிர் ஊசலாடும் முதல் சிகிச்சையில் தூரத்துக்கு இடமே இல்லை. வீக்கத்தின் வடிவமும் இடமும்தான் அங்கே தீர்ப்பு. அவசரமில்லாத மறுசிகிச்சையில்தான் தூரம் கணக்கில் வருகிறது. அப்படியானால் மிச்சமிருக்கும் சிறு வீக்கத்தையும் உடனே கிளிப் இட்டு முடித்துவிடலாமே என்பார்கள் வேறு சிலர். 2012இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், வெடிக்காத வீக்கங்கள் வெடித்த விகிதம் ஆண்டுக்குச் சராசரியாக 0.95 சதவீதமே. ஒருமுறை ரத்தக்கசிவு கண்டவருக்கு அபாயம் கூடுதல் என்றாலும், மண்டையைத் திறப்பதற்கும் அதற்கேயுரிய அபாயம் உண்டு. ரத்த அழுத்தத்தை அடக்குவதும் பீடியை விடுவதும் மலையிலேயே நடக்கக்கூடியவை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆஞ்சியோகிராமுக்குத்தான் இறங்கியாக வேண்டும். அப்போது டிஸ்சார்ஜ் சீட்டும் உடன் போக வேண்டும்: தலைக்குள் இருப்பது எந்த உலோகக் கிளிப் என்று தெரியாமல் எம்ஆர்ஐ அறைக்குள் விடமாட்டார்கள்.